ஒரு கழகம் யாருக்குச் சொந்தம்? பிளக்பூல் ரசிகர்கள் வாசலில் நின்ற நான்கு வருடங்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

2021 மே 2, ஞாயிற்றுக்கிழமை. நோன்பு மாதம். எங்கள் நேரப்படி இரவு 9 மணிக்கு மென்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல் மெட்ச். நோன்பு திறந்து, தொழுகை முடித்து, பிளேன்டியோடு நாங்கள் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மெட்ச் தொடங்கவில்லை. கொரோனா காலம் என்பதால் ஆசனங்களில் ஆளில்லை. ஆனால் ஓல்ட் ட்ரபர்ட் மைதானத்தின் புல்தரைக்குள் யுனைடெட் ரசிகர்களே இறங்கி நின்றார்கள். கையில் பச்சையும் தங்க மஞ்சளும் கலந்த கொடிகள். கடைசியில் மெட்ச் ஒத்திவைக்கப்பட்டது.

அன்றிரவு எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் நடந்த வாதம் பலருக்கு ஞாபகம் இருக்கும். "சொந்த டீமின் மெட்சை நிறுத்துகிறவன் என்ன ரசிகன்?" என்று ஒரு பக்கம். "காசு போட்டு வாங்கியவன் முதலாளி. அவன் விருப்பம். டிக்கட் வாங்குகிறவனுக்கு என்ன உரிமை?" என்று இன்னொரு பக்கம். அடுத்த வாரம் வகுப்பிலும் பிள்ளைகள் இதையேதான் கேட்டார்கள். அன்று எங்களிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. பிறகு தேடி வாசித்தபோது, அந்தப் பதில் மென்செஸ்டரில் கிடைப்பதைவிட அதற்கு வடமேற்கே இருக்கும் பிளக்பூல் என்ற கடற்கரை நகரத்தில் தெளிவாகக் கிடைத்தது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் கொஞ்சம் பழைய வரலாறு.

இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகங்கள் பணக்காரர்களின் வியாபாரமாகத் தொடங்கியவை அல்ல. தேவாலயங்கள், தொழிற்சாலைகள், பாடசாலைகள் இவற்றைச் சுற்றித்தான் அவை உருவாகின. இன்றைய மென்செஸ்டர் யுனைடெட், 1878இல் நியூட்டன் ஹீத் என்ற இடத்தில் புகையிரதத் தொழிலாளர்கள் தொடங்கிய கழகம். அந்தப் பச்சையும் தங்க மஞ்சளும் அவர்களின் ஜேர்சி நிறம்.

பின்னர் மைதானம் கட்டவும் சம்பளம் கொடுக்கவும் கழகங்கள் கம்பனிகளாகப் பதிவாகின. உள்ளூர்க் கடைக்காரர்களும் மதுசாலை உரிமையாளர்களும் பங்குகள் வாங்கினார்கள். ஆனால் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் இதற்கு ஒரு வேலி போட்டிருந்தது. பங்குதாரர் எடுக்கக்கூடிய இலாபத்துக்கு உச்ச வரம்பு இருந்தது. பணிப்பாளர்கள் சம்பளம் எடுக்க முடியாது. கழகத்தை நடத்துவது ஊருக்குச் செய்யும் சேவை, அதிலிருந்து பிழைப்பு நடத்தக் கூடாது என்பதுதான் அதன் கருத்து.

அந்த வேலி 1980களில் சாய்ந்தது. 1981இல் பணிப்பாளர் சம்பளம் எடுக்க அனுமதி கிடைத்தது. 1983இல் டொட்டன்ஹாம் கழகம் ஒரு தாய்க் கம்பனியை உருவாக்கி அதை இலண்டன் பங்குச் சந்தையில் பதிந்தது. இலாப வரம்பு கழகத்துக்குத்தான், தாய்க் கம்பனிக்கு இல்லை என்பதே தந்திரம். மற்றவர்களும் அதே வழியில் போனார்கள். 1992இல் பிரீமியர் லீக் தொடங்கியது, தொலைக்காட்சிப் பணம் கொட்டியது. ஊர்ப் பெரியவர்கள் காப்பாற்றி வைத்திருந்த பங்குகள் திடீரென்று தங்கமாகின.

இதன் பின்னர் ரசிகர்களுக்கும் முதலாளிகளுக்கும் இடையே பல சண்டைகள் வந்தன. அவற்றில் இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

தென் இலண்டனின் விம்பிள்டன் கழகத்தை ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோக உரிமையாளர்கள் முடிவெடுத்தார்கள். 2002 மே மாதம் ஆணைக்குழு ஒன்று அதை அனுமதித்தது. ரசிகர்கள் அழுதார்கள், ஆர்ப்பாட்டம் செய்தார்கள், பின்னர் தாங்களே ஏஎப்சி விம்பிள்டன் என்ற புதுக் கழகத்தைத் தொடங்கினார்கள். திறந்த வெளியொன்றில் வீரர் தெரிவு நடத்தி, ஒன்பதாம் மட்டத்து லீக்கில் ஆரம்பித்தார்கள். 9 வருடத்தில், 2011இல், தொழில்முறை லீக்குக்குள் வந்துவிட்டார்கள். 2020இல் தங்கள் பழைய வீதியான பிளவ் லேனிலேயே புது மைதானத்துக்குத் திரும்பினார்கள்.

மென்செஸ்டரில் 2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் யுனைடெட்டை ஏறத்தாழ 790 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. அதில் பெரும்பகுதி கடன். வாங்கியவர் எடுத்த கடன், வாங்கப்பட்ட கழகத்தின் தலையிலேயே கட்டப்பட்டது. அதுவரை கடனில்லாமல் இருந்த கழகம் வட்டி கட்டத் தொடங்கியது. சிலர் வெளியேறி எப்சி யுனைடெட் என்ற கழகத்தை உருவாக்கினார்கள். 2010இல் பெரும் கூட்டம் பச்சை, தங்க மஞ்சள் சால்வைகளோடு மைதானத்துக்கு வந்தது. அந்த வருடம் மார்ச்சில் ஏசி மிலான் வீரராக அங்கே விளையாட வந்த டேவிட் பெக்கம், மெட்ச் முடிந்ததும் அந்தச் சால்வை ஒன்றை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். படம் உலகமெல்லாம் போனது. ஆனால் கிளேசர்கள் அசையவில்லை. ஆசனங்கள் நிரம்பிக்கொண்டே இருந்தன.

விம்பிள்டன்காரர்கள் வெளியேறினார்கள். யுனைடெட் ரசிகர்களில் பெரும்பாலோர் உள்ளே இருந்து கத்தினார்கள். பிளக்பூல் ரசிகர்கள் மூன்றாவது வழியொன்றைத் தெரிந்தெடுத்தார்கள். கழகத்தை விடவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. வாசலில் நின்றார்கள்.

பிளக்பூல் ஒரு காலத்தில் வட இங்கிலாந்துத் தொழிலாளர்களின் விடுமுறை நகரம். 1894இல் திறந்த உயரமான இரும்புக் கோபுரம் அதன் அடையாளம். பின்னர் விமானத்தில் ஸ்பெயின் போவது மலிவாகியதும் வருகின்றவர்கள் குறைந்தார்கள். இன்று இங்கிலாந்தின் மிக வறிய நகரங்களுள் அதுவும் ஒன்று. அப்படிப்பட்ட ஊருக்குப் பெருமை சொல்ல இருந்தது உதைபந்தாட்டம்தான். 1887இல் தொடங்கிய கழகம். தோடம்பழ நிற ஜேர்சி. 1953 மே 2ஆம் திகதி நடந்த எப்ஏ கிண்ண இறுதிப் போட்டியில் போல்ட்டன் கழகத்திடம் 1-3 என்று பின்தங்கியிருந்து, 4-3 என்று வென்ற அணி அது. ஸ்டான் மோட்டன்சன் மூன்று கோல்கள் அடித்தார். ஆனாலும் 38 வயதில் வலது ஓரத்தில் ஓடி ஓடிப் பந்து கொடுத்த ஸ்டான்லி மெத்யூஸின் பெயரால்தான் அந்த இறுதிப் போட்டியை இன்றும் அழைக்கிறார்கள்.

அதன் பின்னர் இறக்கம். 1971இல் முதல் பிரிவிலிருந்து இறங்கிய கழகம் நான்காம் பிரிவு வரை போனது. 1980களின் இறுதியில் ஓவன் ஒய்ஸ்டன் என்ற உள்ளூர்த் தொழிலதிபர் அதைப் பொறுப்பெடுத்தார். 1999இலிருந்து அவருடைய மகன் கார்ல் தலைவராக இருந்தார். இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கஷ்ட காலத்தில் கழகம் மூடப்படாமல் இருந்ததற்கு அந்தக் குடும்பத்துக்கும் பங்குண்டு. பல ரசிகர்கள் அதை மறுப்பதில்லை.

2006இல் லத்வியா நாட்டு வங்கியாளர் வலேரி பெலோகன் 20 சதவீதப் பங்கோடு உள்ளே வந்தார். வீரர்கள் வாங்கப் பணம் வந்தது. 2009இல் இயன் ஹொலோவே முகாமையாளரானார். 2010 மே 22ஆம் திகதி வெம்பிளியில் கார்டிப் கழகத்தை 3-2 என்று வென்று, 39 வருடங்களுக்குப் பிறகு பிளக்பூல் முதல் மட்டத்துக்குத் திரும்பியது. அந்த ஒரு வெற்றியின் பெறுமதி ஏறத்தாழ 90 மில்லியன் பவுண் என்று அப்போது கணித்தார்கள்.

அந்த 2010, 2011 பருவத்தை எங்கள் ஊரிலும் பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். முதல் மெட்சிலேயே விகனை 4-0 என்று அடித்தார்கள். லிவர்பூலை இரண்டு தடவையும் தோற்கடித்தார்கள். லீக்கிலேயே மிகக் குறைந்த செலவில் இயங்கிய அணிகளுள் ஒன்று. விமான நிலையத்துக்குப் பக்கத்தில், காற்று அடித்துக்கொண்டிருக்கும் ஒரு பழைய பயிற்சி மைதானம். ஆனாலும் தாக்கியே விளையாடினார்கள். கடைசி நாள், 2011 மே 22, ஓல்ட் ட்ரபர்டில் 4-2 என்று தோற்று இறங்கினார்கள். ஏறிய அதே திகதியில், ஒரு வருடம் கழித்து.

இறங்கியது யாருக்கும் கோபமில்லை. இறங்கும் கழகத்துக்கு அதன் பின்னரும் சில வருடங்களுக்கு பிரீமியர் லீக்கிலிருந்து உதவிப் பணம் வரும். அந்தப் பணத்தில் பயிற்சி மைதானத்தைத் திருத்தலாம், இளம் வீரர்களை வளர்க்கலாம், திரும்பவும் ஏறலாம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பயிற்சி மைதானம் அப்படியே கிடந்தது. நல்ல வீரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். பின்னர் கணக்கறிக்கை வெளியானது. பிரீமியர் லீக் பருவத்தின் வருமானத்திலிருந்து 11 மில்லியன் பவுண், ஓவன் ஒய்ஸ்டனின் கம்பனி ஒன்றுக்குப் போயிருந்தது. கழகத்தின் பணம் குடும்பத்தின் வேறு கம்பனிகளுக்குக் கடனாகவும் போயிருந்தது.

2014 கோடையில் நிலைமை சிரிப்புக்கிடமாகியது. பருவம் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் 8 வெளிக்கள வீரர்கள் மட்டும். கோல்காப்பாளர் ஒருவர்கூட இல்லை. கடைசி நேரத்தில் ஆட்களைச் சேர்த்து இறக்கினார்கள். 46 மெட்சில் 4 வெற்றி, 26 புள்ளி, கடைசி இடம்.

ரசிகர்கள் கேள்வி கேட்டார்கள். கிடைத்த பதில்தான் இந்தக் கதையின் அசிங்கமான பகுதி. ஒரு ரசிகருக்குக் கேவலமான குறுஞ்செய்திகள் அனுப்பியதற்காகக் கழகத் தலைவர் கார்ல் ஒய்ஸ்டனுக்கு உதைபந்தாட்டச் சங்கம் 6 வாரத் தடையும் 40,000 பவுண் அபராதமும் விதித்தது. இணையத்தில் எழுதிய ரசிகர்கள் மீது உரிமையாளர்கள் மானநட்ட வழக்குப் போட்டார்கள். ஓய்வுபெற்ற ஒருவர், பேஸ்புக்கில் எழுதியதற்காக மன்னிப்புக் கேட்டு 20,000 பவுண் கட்ட வேண்டி வந்தது. அந்தப் பணத்தை அவருக்காக ரசிகர்கள் சேர்த்தார்கள். பிளக்பூல்காரர்கள் மட்டுமல்ல, வேறு கழகங்களின் ரசிகர்களும் அதில் காசு போட்டார்கள். மெட்சில் ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்கிறவர்கள், இதில் ஒன்றாக நின்றார்கள். அதே நேரம் இதிலிருந்து பேஸ்புக்கில் எழுதும் நாங்களும் ஒன்றைப் படிக்க வேண்டும். கோபம் நியாயமாக இருந்தாலும், நிரூபிக்க முடியாததை எழுதினால் வழக்கு எதிராளியின் கைக்குப் போய்விடும்.

2015 மே 2. பருவத்தின் கடைசி மெட்ச், ஹடர்ஸ்பீல்ட் கழகத்தோடு. மெத்யூஸ் இறுதிப் போட்டி நடந்து சரியாக 62 வருடம். ரசிகர்கள் ஊர்வலமாக வந்தார்கள். இடைவேளைக்குப் பிறகு, 48ஆவது நிமிடத்தில், பலர் புல்தரைக்குள் இறங்கி நடு வட்டத்தில் உட்கார்ந்தார்கள். அடிபிடி இல்லை. உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். வீரர்கள் உள்ளே போனார்கள். மெட்ச் கைவிடப்பட்டது. 0-0 என்றே பதிவாகியது.

மைதானத்துக்குள் இறங்குவது சட்ட விரோதம். அதில் வழக்கும் தண்டனையும் தடையும் உண்டு. அதையே வருடக்கணக்கில் செய்ய முடியாது. ஆகவே அவர்கள் எடுத்த முக்கியமான ஆயுதம் வேறு. "இனி ஒரு பென்னியும் இல்லை" என்பது அதன் சுலோகம். பகிஷ்கரிப்பு. பருவச் சீட்டு வாங்குவதில்லை. ஜேர்சி வாங்குவதில்லை. மைதானத்தில் ஒரு கோப்பை தேநீர்கூடக் குடிப்பதில்லை. உரிமையாளர் போகும் வரை உள்ளே கால் வைப்பதில்லை.

ஆனால் அணியை விடவில்லை. லீக் மெட்சுகளில் டிக்கட் பணம் மைதானத்துக்குரிய கழகத்துக்குப் போகும். ஆகவே பிளக்பூல் வெளியூர் போகும்போது பலர் பின்னால் போனார்கள். அந்தக் காசு ஒய்ஸ்டனுக்குப் போகாது. பிள்ளையைப் பார்க்க வேண்டும், ஆனால் அந்த வீட்டு வாசல்படி ஏற மாட்டோம் என்று குடும்பத்தில் சிலர் இருப்பார்களே, அதைப் போல.

ஏறத்தாழ 17 ஆயிரம் பேர் உட்காரும் புளூம்பீல்ட் ரோட் மைதானத்துக்குச் சில ஆயிரம் பேரே வந்தார்கள். தோடம்பழ நிற ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. 2016இல் கழகம் இன்னும் ஒரு படி இறங்கி நான்காம் மட்டத்துக்குப் போனது. 2017 மே மாதம் அங்கிருந்து ஏறுவதற்கான இறுதிப் போட்டி வெம்பிளியில். பிளக்பூல் 2-1 என்று வென்றது. 90 ஆயிரம் பேர் கொள்ளும் மைதானத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து 23,380 பேர்தான். அணி கிண்ணம் தூக்குகிறது, வாழ்நாள் ரசிகன் வேண்டுமென்றே வீட்டில் இருக்கிறான். அந்த வலியை உதைபந்தாட்டம் நேசிக்கின்ற எவரும் விளங்கிக்கொள்வீர்கள்.

இந்தப் பகிஷ்கரிப்பை நாங்கள் இலேசாகப் புகழ விரும்பவில்லை. அதற்கு விலை இருந்தது. எல்லா ரசிகர்களும் அதில் சேரவில்லை. "அணி கஷ்டத்தில் இருக்கும்போது விட்டுவிடுவதா?" என்று தொடர்ந்து போனவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் வெளியே நின்றவர்களுக்கும் இடையில் மனக்கசப்பு வந்தது. நண்பர்கள் பேசாமல் போனார்கள். பிள்ளைகளைக் கைபிடித்து முதன்முதலாக மெட்சுக்குக் கூட்டிப் போகும் வயது, பலருக்கு அந்த வருடங்களில் கடந்துபோனது. வாப்பா காட்டிக்கொடுக்க வேண்டிய ஒன்று, காட்டிக்கொடுக்கப்படாமல் போனது. சில முதியவர்கள் திரும்பிப் போகும் நாளைக் காணாமலே மறைந்தார்கள்.

முடிவு எப்படி வந்தது? இங்கேதான் நாங்கள் மாணவர்களிடம் நின்று யோசிக்கச் சொல்லும் இடம் இருக்கிறது.

முடிவு நீதிமன்றத்திலிருந்து வந்தது. ஆனால் வழக்குப் போட்டது ரசிகர்கள் அல்ல. 20 சதவீதப் பங்கு வைத்திருந்த வங்கியாளர் பெலோகன். சிறுபான்மைப் பங்குதாரரைப் பெரும்பான்மைப் பங்குதாரர் அநியாயமாக நடத்தக் கூடாது என்று இங்கிலாந்துக் கம்பனிச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு உண்டு. கழகத்தின் பணம் தனக்குத் தெரியாமல், தனக்குரிய பங்கு தரப்படாமல் ஒரு குடும்பத்தின் கைக்குப் போனது என்பதே அவருடைய முறைப்பாடு. 2017 நவம்பர் 6ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒய்ஸ்டன் தரப்பு கழகத்தை முறைகேடாக உரித்தெடுத்தது என்று நீதிபதி மார்கஸ் ஸ்மித் கண்டார். பெலோகனின் பங்குகளை வாங்கிக்கொள்ள 31.27 மில்லியன் பவுண் கட்டும்படி உத்தரவிட்டார்.

முழுப் பணமும் கட்டப்படவில்லை. தவணை தவறியது. 2018 பெப்ரவரியில் தந்தை ஓவன் தன் சொந்த மகன் கார்லையே தலைவர் பதவியிலிருந்து நீக்கினார். பணமும் பதவியும் ஒரு குடும்பத்துக்குள் என்ன செய்யும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை. 2019 பெப்ரவரியில், கடனை அறவிடுவதற்காக நீதிமன்றம் சொத்துக்களைப் பொறுப்பெடுக்கும் அதிகாரியை நியமித்தது. அவர் கழகத்தைக் கையேற்றார். அந்த மாத இறுதிக்குள் ஓவன் ஒய்ஸ்டன் பணிப்பாளர் சபையிலிருந்து அகற்றப்பட்டார்.

கவனியுங்கள். சட்டத்தின் கண்ணுக்குப் பாதிக்கப்பட்டவராகத் தெரிந்தவர், பங்குப் பத்திரம் வைத்திருந்த ஒரு வெளிநாட்டு வங்கியாளர் மட்டுமே. மூன்று தலைமுறையாக மழையிலும் காற்றிலும் அந்த மைதானத்துக்குப் போன குடும்பங்கள் சட்டத்துக்குத் தெரியவில்லை. அவர்கள் வெறும் வாடிக்கையாளர்கள். கடையில் சாமான் பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகலாம். பிளக்பூலில் பிறந்தவன் வேறு எந்தக் கழகத்துக்குப் போவான்?

அப்படியானால் பகிஷ்கரிப்பால் என்ன பயன் என்று கேட்கலாம். எங்கள் விளக்கம் இது. வழக்கு உரிமையாளரை அகற்றியது. பகிஷ்கரிப்பு, அதுவரை அவருடைய வருமானத்தை வற்ற வைத்தது. நாடு முழுவதும் பத்திரிகைகளில் கதையை உயிரோடு வைத்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கழகம் திரும்பக் கிடைக்கும் நாளில் அதைப் பொறுப்பேற்க ஓர் ஊர் ஒற்றுமையாக இருந்தது. சலித்துப்போய் ஆளுக்கொரு பக்கம் கலைந்திருந்தால், அதிகாரி திறந்துவிட்டது வெறும் கட்டடமாகத்தான் இருந்திருக்கும்.

2019 மார்ச் 9. சவுத்எண்ட் கழகத்தோடு மெட்ச். அதற்கு முந்திய நாட்களில் ரசிகர்கள் தொண்டர்களாக வந்து, வருடக்கணக்கில் பறவை எச்சமும் தூசியும் படிந்து கிடந்த ஆசனங்களைத் தங்கள் கையாலேயே கழுவினார்கள். அன்று வந்தவர்கள் 15,871 பேர். நான்கு வருடம் வாசலில் நின்றவர்கள் வாசலைத் தாண்டினார்கள். பெரிய ஆண்கள் ஆசனத்தைத் தொட்டுப் பார்த்து அழுதார்கள். மெட்ச் 2-2 என்று முடிந்தது. இறுதி நிமிடங்களில்தான் பிளக்பூல் சமன் செய்தது. அன்று முடிவைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்த வருடம் ஜூன் மாதம், பிளக்பூலிலேயே பிறந்து ஹொங்கொங்கில் தொழில் செய்த சைமன் சாட்லர் என்ற ரசிகர் கழகத்தை வாங்கினார். 2021இல் அணி ஒரு படி மேலே ஏறியது. 2023இல் மீண்டும் இறங்கியது. இது மகிழ்ச்சியான முடிவுள்ள சினிமாக் கதை அல்ல. கழகம் இன்னும் ஒரு தனி மனிதரின் சொத்தாகத்தான் இருக்கிறது. ஆனால் ரசிகர்கள் இப்போது தோல்விக்குக் கவலைப்படுகிறார்கள், திருட்டுக்கு அல்ல. அதுவே பெரிய வித்தியாசம்.

அதே 2019 ஓகஸ்டில், அதே லங்கஷயர் பக்கத்துப் பழம் கழகமான பெரி, நிதிக் குழப்பத்தால் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. 134 வருட வரலாறு. அங்கும் ரசிகர்கள் கடைசி நாட்களில் மைதானத்தைச் சுத்தம் செய்யத் தும்புத்தடியோடு வந்தார்கள். அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. பிளக்பூலுக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

இனி முதலில் சொன்ன 2021 மே 2க்குத் திரும்புவோம். அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஏப்ரல் 18இல், யுனைடெட் உட்பட 12 பெரும் கழகங்களின் முதலாளிகள் தங்களுக்கென்று தனியான சுப்பர் லீக் ஒன்றை அறிவித்திருந்தார்கள். தோற்றாலும் இறங்க வேண்டியதில்லை என்ற உத்தரவாதம் பெரும்பாலானவர்களுக்கு. ரசிகர்கள் வீதிக்கு இறங்கினார்கள். இரண்டு நாளில் ஆறு இங்கிலாந்துக் கழகங்களும் பின்வாங்கின. யுனைடெட் ரசிகர்களின் 16 வருடக் கோபம் அதில் சேர்ந்துதான் அன்றிரவு எங்கள் மெட்ச் நின்றது. அன்று பொலிஸார் சிலர் காயமடைந்ததும் உண்மை. அதை எங்களால் நியாயப்படுத்த முடியாது. நடு வட்டத்தில் அமைதியாக உட்கார்ந்த பிளக்பூல்காரர்களின் வழிதான் எங்களுக்குப் பிடித்தது.

ஆனால் அந்தக் கொந்தளிப்பின் பின்னர் அரசாங்கம் ரசிகர்களை முன்வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. 2021 நவம்பரில் அறிக்கை வந்தது. நான்கு வருடம் இழுபட்டு, 2025 ஜூலையில் உதைபந்தாட்ட நிர்வாகச் சட்டமாக நிறைவேறியது. சுதந்திரமான ஒழுங்குபடுத்துநர் ஒருவர் வருகிறார். கழகத்தை வாங்க வருகிறவரின் பணமும் நடத்தையும் பரிசோதிக்கப்படும். கழகத்தின் சின்னம், நிறம், மைதானம் இவற்றை ரசிகர்களைக் கேட்காமல் மாற்ற முடியாது. 1980களில் சாய்ந்த வேலியின் ஒரு பகுதி, 40 வருடம் கழித்துத் திரும்ப நடப்படுகிறது. அது எவ்வளவு காலம் நிற்கும் என்பதைப் பார்க்க வேண்டும்.

"காசு போட்டவன் முதலாளி, டிக்கட் வாங்குகிறவனுக்கு என்ன உரிமை?" என்ற கேள்விக்கு இப்போது எங்கள் பதிலைச் சொல்கிறோம்.

எங்கள் மார்க்கத்தில் வக்பு என்று ஒன்று இருக்கிறது. ஒரு காணியை வக்பு செய்தால், அதை நிர்வகிக்க ஒரு நம்பிக்கையாளர் இருப்பார். சாவி அவர் கையில். கணக்கு அவர் கையில். கையெழுத்து அவருடையது. ஆனால் காணி அவருடையதல்ல. அவருக்கு முன்பும் அது இருந்தது, அவருக்குப் பின்பும் இருக்க வேண்டும். அது அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இங்கிலாந்துச் சட்டத்தில் உதைபந்தாட்டக் கழகம் வக்பு அல்ல, கம்பனி. அது எங்களுக்குத் தெரியும். ஆனால் பிளக்பூல் மக்கள் நான்கு வருடம் வாசலில் நின்று சொன்னது இதைத்தான். உன் பெயரில் பங்கு இருக்கலாம், ஆனால் இதன் பெறுமதியை உண்டாக்கியவர்கள் நாங்கள். எங்கள் உப்பாக்களின் மாலை நேரங்கள் இதில் இருக்கின்றன. நீ பாதுகாவலன்.

இன்னொன்றும் அவர்களிடம் படித்தோம். பொதுச் சொத்தொன்று கைமாறிப் போகும்போது பெரும்பாலும் சத்தம் கேட்பதில்லை. பிளக்பூலில் பணம் போனது தோல்வியடைந்த பருவத்தில் அல்ல. ஊரே கொண்டாடிக்கொண்டிருந்த, லிவர்பூலை இரண்டு தடவை தோற்கடித்த அந்தப் பருவத்தில்தான் அந்த 11 மில்லியன் போனது. கோல் விழும்போது கணக்கறிக்கை வாசிக்க யாருக்கு நேரம்? விளையாட்டுக் கழகமோ, நூலகமோ, பள்ளிவாசலோ, பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ, நல்லாக நடக்கும் காலத்தில்தான் கணக்குக் கேட்க வேண்டும். அது சந்தேகம் அல்ல, கடமை. கணக்குக் கேட்பவரை எதிரியாகப் பார்க்காத நிர்வாகிக்கு அது பாதுகாப்பும்கூட.

அன்று வகுப்பில் கேட்ட பிள்ளைகள் இப்போது பாடசாலையை விட்டுப் போய்விட்டார்கள். சிலர் கட்டாரிலும் சவூதியிலும் இருந்து இதை வாசிப்பார்கள். மக்களே, பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது. சொந்த அணியின் மெட்சை நிறுத்துகிறவன் என்ன ரசிகன் என்று கேட்டீர்கள். அந்த மைதானத்துக்குத் தன் பேரப்பிள்ளையும் போக வேண்டும் என்று நினைக்கிறவன், அதற்காகச் சில வருடம் தான் போகாமல் இருப்பான்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். கிளேசர் பக்கம் நின்று வாதாட யாராவது இருந்தாலும் வாருங்கள், பேசுவோம். ஏசாமல் பேசுவோம்.

வஸ்ஸலாம்.